எது குத்துமதிப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய் எரிகிற பழைய வால்வு ரேடியோ சேகரிப்பவர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். படங்கள் பிரமாதம். எழுதியவருக்கு நல்ல நடை. ஒரே ஒரு வாக்கியம்தான் முள்ளாகத் தைத்தது: ‘முள் ஆடும் மீட்டரை வைத்துக் குத்துமதிப்பாக ரிப்பேர் பார்த்த காலம் அது, இன்று இருநூறு ரூபாய் டிஜிட்டல் மீட்டர் அதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிடும்.’ பக்கத்திலேயே ஒரு வி.டி.வி.எம். படம், அதன் கீழே ‘பழங்கால மீட்டர்’ என்று ஒரு குறிப்பு. அது வால்வு வோல்ட்மீட்டர் என்பதும், ரேடியோவைப் போல அதற்குள்ளும் 12ஏயூ7, 6ஏஎல்5 என்று இரண்டு வால்வு எரியும் என்பதும் தங்களுக்குத் தெரியாததா? இடம் போதாமல் போயிருக்கும்.

தூத்துக்குடியில் ரேடியோ மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவன் நான். குத்துமதிப்பு என்ற சொல்லைச் சும்மா விட முடியவில்லை. கணக்கே போட்டுவிடுகிறேன்.

ரேடியோவில் ஏ.வி.சி. லைன் என்று ஒன்று உண்டு. ஸ்டேஷன் பலமாக வரும்போது செட் கத்தாமல் அடக்கி வைக்கிற மைனஸ் வோல்டேஜ். 1 மெகா ஓம், சில செட்டில் அதற்கும் மேலான ரெசிஸ்டர் வழியாகத்தான் அது வந்து சேரும். அங்கே நிஜத்தில் 4 வோல்ட் இருக்கிறது என்று வையுங்கள். வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்று பெயர் வாங்கிய ஏவோ மீட்டரை (அதுவும் முள் மீட்டர்தான், வால்வு இல்லாதது) 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் அதன் மொத்த ரெசிஸ்டன்ஸ் 2 லட்சம் ஓம். மீட்டரின் ரெசிஸ்டன்ஸ் குறையக் குறைய, அளக்கிற வோல்டேஜை அதுவே இழுத்துக் குறைத்துவிடும். முக்கால் வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் காட்டும். புரோபை வைத்த மாத்திரத்தில் செட் இன்னும் உரக்கக் கத்தும். அளக்கப் போன இடத்தை மீட்டரே கெடுத்துவிட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். உங்கள் இருநூறு ரூபாய் டிஜிட்டல் மீட்டர்களில் பலவற்றுக்கு இன்புட் ரெசிஸ்டன்ஸ் 1 மெகா ஓம்தான். அது ‘2.00’ என்று புள்ளி வைத்து, இரண்டு சைபர் போட்டுக் காட்டும். உள்ளதில் சரிபாதி! வி.டி.வி.எம்.முக்கு டி.சி. இன்புட் 11 மெகா ஓம், எந்த ரேஞ்சுக்குத் திருப்பினாலும் அதே 11. அதில் 1 மெகா ஓம் புரோபின் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கும். அதை வைத்தால் முள் மூன்றரையைத் தாண்டி நிற்கும். இந்த மூன்றில் எது குத்துமதிப்பு என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நல்ல டிஜிட்டல் மீட்டர் 10 மெகா ஓம் இருக்கும். அதோடு எனக்குச் சண்டையில்லை, என் பெஞ்சிலும் ஒன்று கிடக்கிறது. வி.டி.வி.எம். என்றால் கரண்ட் வேண்டும், ஆன் செய்து பத்துப் பதினைந்து நிமிஷம் சூடேற விட வேண்டும், அதுவரை ஜீரோ நகர்ந்துகொண்டே இருக்கும். எல்லாம் உண்மை. ஆனால் ஐ.எஃப். அலைன்மென்ட்டுக்கு, அதாவது செட்டின் உட்சுருள்களை ஒரே அலைவரிசைக்கு இசைவிக்க, உட்கார்ந்தால் தெரியும் சேதி. சிக்னல் ஜெனரேட்டரை 455 கிலோசைக்கிளில் (இன்றைய கிலோஹெர்ட்ஸ்) வைத்து, வி.டி.வி.எம்.மை ஏ.வி.சி. லைனில் மாட்டி, ஐ.எஃப்.டி. என்கிற அந்தச் சுருளின் கோரை (உள்ளே திருகுகிற காந்தத் துண்டை) மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். முள் மெல்ல ஏறும், உச்சியில் ஒரு கணம் தயங்கும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் இறங்கத் தொடங்கும். அந்தத் தயக்கம்தான் நாம் தேடுவது. டிஜிட்டலில் கடைசி இரண்டு இலக்கமும் துள்ளிக்கொண்டிருக்கும்; ஏறுகிறதா இறங்குகிறதா என்று மனதுக்குள் கழித்துப் பார்ப்பதற்குள் கை உச்சியைத் தாண்டிவிடும். எங்கள் ஊரில் செட் கொண்டுவருகிறவர்கள் ‘சிலோன் எடுக்க மாட்டேங்குது அண்ணாச்சி’ என்றுதான் கடைப்படி ஏறுவார்கள். அவர்கள் வீட்டில் இலங்கை வானொலி கணீரென்று பாடியது இப்படித்தான். பிறகு இலங்கை டி.வி.யான ரூபவாகினி பார்க்க மொட்டை மாடியில் குழாய் மேல் குழாய் நட்டு ஆண்டெனா ஏற்றினார்கள். அந்த டி.வி.க்களில் ஒலியைப் பிரித்தெடுக்கிற சவுண்ட் டிஸ்கிரிமினேட்டரைச் சரிசெய்யவும் இதே மீட்டர்தான், முள்ளை ஸ்கேலின் நடுவில் ஜீரோவாக நிறுத்தி வைத்துக்கொண்டு.

ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டு செட் நினைவுக்கு வருகிறது. பாட்டு நசுங்கி வரும், அவுட்புட் வால்வு இ.எல். 84 போட்ட சிறிது நேரத்திலேயே உள்ளுக்குள் சிவக்கும். வேறொரு கடையில் புது வால்வு மாற்றினார்கள், அதுவும் சிவந்தது. அவர்களிடம் இருந்தது சாதாரண மல்டிமீட்டர். வால்வுக்குள் பாட்டு நுழைகிற கிரிட்டைத் தொட்டால் அதில் ஒரு வோல்ட்கூட ஏறாது. முந்தைய வால்விலிருந்து பாட்டைக் கடத்துகிற கப்ளிங் கண்டன்சரைக் கழற்றி ஓம்ஸில் பார்த்தாலும் சுத்தம் என்றுதான் சொல்லும். நான் வி.டி.வி.எம். புரோபை கிரிட் வருகிற 2ஆம் பின்னில் வைத்தேன். முள் பிளஸ் பக்கமாக 3 வோல்ட்டில் போய் நின்றது. அங்கே பிளஸ் இருக்கவே கூடாது. வால்வைப் பிடுங்கினேன், முள் அசையவில்லை. (மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், வால்வுகளின் ஃபிலமென்ட்டை ஒரே சரமாகக் கோத்து ஓடுகிற ஏ.சி./டி.சி. செட்டில் இந்த வித்தை பலிக்காது; ஒரு வால்வைப் பிடுங்கினால் எல்லா ஃபிலமென்ட்டும் அணைந்துவிடும்.) ஆகவே வால்வின் மேல் பழியில்லை. முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து வரும் மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர்தான் கசிந்துகொண்டிருந்தது. கசிவு சில மைக்ரோ ஆம்பியர். ஒன்றரை வோல்ட் செல்லில் ஓடுகிற ஓம் மீட்டருக்கு அது எங்கே கண்ணில் படும்? உப்புக்காற்று ஊரில் இந்த வியாதி சகஜம்.

இதற்குப் பெயர் குத்துமதிப்பு.

சொல்லத் தொடங்கியபின் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். வானொலி பற்றித் தாங்கள் சிறப்பிதழ் போடும்போதெல்லாம் அறிவிப்பாளர்களின் குரல் வளம், நேயர் விருப்பம், டீக்கடை பெஞ்சு எல்லாம் வருகிறது. அந்தக் குரல் காதுக்கு வரும்படி பெட்டியை வைத்திருந்தவன் ஒருவன் உண்டு என்று ஒரு வரி வந்ததில்லை. கைவினைக் கலைஞர் என்று பானை செய்கிறவருக்கும் பாய் முடைகிறவருக்கும் பக்கம் ஒதுக்குகிறீர்கள், மகிழ்ச்சி. சோல்டரிங் அயர்ன் பிடித்தவன் கைவினையில் சேர்த்தியில்லை போலும்.

எங்கள் பக்கத்து பாலிடெக்னிக் ஒன்றில் ஒரு அலமாரி நிறைய வி.டி.வி.எம்.கள் இருந்தன. சிலபஸில் இல்லை என்று பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டார்கள். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது டயல் கண்ணாடியெல்லாம் உடைத்து, செம்புக்காக டிரான்ஸ்ஃபார்மரைத் தனியே பிரித்திருந்தார்கள். அங்கே படித்து வந்த தம்பி ஒருவர்தான் எங்கள் வீட்டு டி.வி.யைப் பார்க்க சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தார். பின் மூடியைத் திறக்கவில்லை. பையிலிருந்து மீட்டரையும் எடுக்கவில்லை. “போர்டு போயிருக்கும் அங்கிள், இந்த மாடலுக்கு போர்டு வர்றதில்ல, புதுசு வாங்கிருங்க” என்றார். அவர் போன பிறகு திறந்து பார்த்தேன். பவர் சப்ளையில் ஒரு எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் உச்சி உப்பி நின்றது. ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான் அதன் விலை. இன்றும் அந்த டி.வி. ஓடுகிறது. துல்லியமான காலம்!

தங்களுக்கு நான் முன்பும் எழுதியிருக்கிறேன். ‘11 மெகா ஓம்’ என்று எழுதியதை ‘11 கிலோ ஓம்’ என்று அச்சிட்டீர்கள். ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது. திருத்தம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. வேலை மிகுதி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கேட்பது சின்ன விஷயம். ‘பரணில் கிடக்கும் ரேடியோவை எடுத்துத் தூசி தட்டி பிளக்கைச் சொருகிப் பாருங்கள், பாடினாலும் பாடும்’ என்று கட்டுரை முடிகிறது. நெடுங்காலம் கிடந்த செட்டில் ஃபில்டர் கண்டன்சர் காய்ந்து போயிருக்கும். நேராக மெயின்ஸில் சொருகினால் வெடிக்கலாம், கூடவே ரெக்டிஃபையர் வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டு போகலாம். ஏ.சி./டி.சி. செட்டாக இருந்தால் மெயின்ஸின் ஒரு கம்பி நேரே சேஸோடு, அதாவது உள்ளே இருக்கிற உலோகச் சட்டத்தோடு, சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸே லைவ். வி.டி.வி.எம். பலவற்றில் காமன் வயர் இரும்புப் பெட்டியோடு இணைந்தது. அந்த கிளிப்பை லைவ் சேஸில் மாட்டினால் மீட்டர் பெட்டியும் லைவ் ஆகிவிடும். உங்கள் படத்தில் ஒரு பையன் ஒரு கையை மீட்டர் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் கிளிப்பைச் சேஸில் மாட்டிக்கொண்டிருக்கிறான், வெறுங்காலோடு. செட்டில் கரண்ட் இல்லை என்று நம்புகிறேன்.

ஆகவே அடுத்த இதழில் கட்டம் கட்டி இரண்டு வரி போடுங்கள்: ‘பழைய வால்வு செட்டை நேரடியாக பிளக்கில் சொருக வேண்டாம், முதலில் சீரிஸ் பல்பு (செட்டோடு தொடராக இணைத்த குண்டு பல்பு) வழியாகக் கொடுத்துப் பார்க்கவும். ஏ.சி./டி.சி. செட் என்றால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைப்பது) இல்லாமல் திறக்கவே வேண்டாம்.’ விளம்பரத்துக்குக் கீழே மிச்சமிருக்கிற இடத்தில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரன்,
தூத்துக்குடி