ரியாத்தில் வண்டி ஓட்டிய மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

உடை, பெண்ணுரிமை பற்றிய பதிவுகளுக்காகச் சவுதியில் சிறைத்தண்டனை பெற்ற மனாஹெல் அல்-ஒதைபி பற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்திக்குக் கீழே, "பொம்பளைங்க வண்டி ஓட்டலாம்னு சொன்னதே அந்த இளவரசர்தானே, அவரையே குத்தம் சொன்னா எப்படிம்மா?" என்று சவுதிப் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானை வைத்துக் கேட்டிருந்தீர்கள். அந்த ஊரில் பல வருஷம் ஹவுஸ் டிரைவராக இருந்தவர் சொன்னதால் எல்லாரும் அதையே ஒப்புக்கொண்டார்கள். அங்கேயே பதில் எழுதியிருப்பேன். ஆனால் அந்தக் குழுவில் சவுதியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சில் அவர்கள் இருப்பதே அவர்களுக்கு ஆபத்து. அதனால் உங்கள் பெயரைச் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

தேதிகளை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள் மாமா. பெண்கள் வண்டி ஓட்டலாம் என்று அரச ஆணை வந்தது 2017 செப்டம்பர் 26. அது நடைமுறைக்கு வந்தது 2018 ஜூன் 24. அதற்குச் சரியாக நாற்பது நாள் முன்னால், மே 15 அன்று, அந்த உரிமையைக் கேட்டுக்கேட்டு ஓய்ந்த பெண்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்தார்கள். லுஜைன் அல்-ஹத்லூல், பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அஸீஸா அல்-யூசுஃப், மொழியியல் ஆசிரியரும் வலைப்பதிவருமான ஈமான் அல்-நஃப்ஜான். அவர்களுக்காக வாதாடிய வக்கீலையும் விடவில்லை. அரசை ஆதரிக்கும் ஊடகங்கள் அவர்கள் முகப்படங்களின் மேல் 'துரோகி' என்று சிவப்பு முத்திரை குத்தி வெளியிட்டன. விசாரணை தொடங்கக்கூட இல்லை அப்போது.

மதீஹா அல்-அஜ்ரூஷ், ஆயிஷா அல்-மானா ஆகியோரையும் அந்த மாதமே பிடித்துச் சில நாளில் விட்டார்கள். இந்த இரண்டு பேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990 நவம்பர் 6 அன்று, வளைகுடாப் போர் மூளவிருந்த நேரத்தில், 47 பெண்கள் ரியாத் தெருவில் தாங்களே காரோட்டிப் போனார்கள். அமெரிக்கப் பெண் சிப்பாய்கள் அங்கே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், குவைத்திலிருந்து தப்பி வந்த பெண்களும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், சொந்த நாட்டுப் பெண்களுக்கு மட்டும் தடை. போலீஸ் பிடித்தது, பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள், அரசு வேலையில் இருந்தவர்களை இடைநீக்கம் செய்தார்கள், பள்ளிவாசல் மேடைகளில் பெயர் சொல்லி வசைபாடினார்கள். அந்த 47 பேரில் இந்த இருவரும் உண்டு. 28 வருஷம் கழித்து, அவர்கள் கேட்டதைக் கொடுப்பதற்கு முந்தைய மாதத்தில், மறுபடியும் காவல். ஆயிஷாவுக்கு அப்போது எழுபது வயது.

கொடுக்கத்தானே போகிறார்கள், கேட்டவர்களை எதற்குப் பிடிக்க வேண்டும்? நான் புரிந்துகொண்டது இதுதான். பெண்கள் வண்டியோட்டுவதில் அரசுக்குப் பிரச்சினை இல்லை. பெண்கள் கேட்டார்கள், அதனால் கிடைத்தது என்று ஊருக்குத் தெரிவதில்தான் பிரச்சினை. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தால் நாளைக்கு வேறொன்றைக் கேட்பார்கள், அடுத்த நாள் ஆண்களும் கேட்பார்கள். ஆணை வந்த அன்றே இந்தப் பெண்களில் சிலருக்குப் போன் வந்தது, பத்திரிகைக்காரர்களிடம் எதுவும் பேசக்கூடாது என்று. நல்லதாகக்கூடப் பேசக்கூடாது!

அவர்கள் கேட்டதும் வண்டிச் சாவியை மட்டும் இல்லை. பெண்ணின் பயணத்துக்கும் கல்யாணத்துக்கும் அப்பாவோ கணவரோ வேறொரு ஆண் உறவினரோ அனுமதி தர வேண்டும் என்பதுதான் ஆண் பாதுகாவலர் முறை. 2016ல் அதை நீக்கச் சொல்லி 14,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை அஸீஸா அரண்மனை அலுவலகத்துக்கே எடுத்துப் போனார். கையில் வாங்க மாட்டோம், தபாலில் அனுப்புங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

பாதுகாவலர் முறை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாச்சி இறந்தபோது உங்கள் கபீல், அதாவது உங்களை வேலைக்கு வைத்திருந்த முதலாளி, எக்ஸிட் ரீ-என்ட்ரி (ஊருக்குப் போய்த் திரும்பும் அனுமதி) போட்டுத்தராமல் இழுத்தடித்ததில், நீங்கள் வந்து இறங்கும்போது காடாத்து முடிந்திருந்தது. பாஸ்போர்ட் அவர் பீரோவில். 'அப்ஷர்' என்ற அந்த அரசு ஆப்பில் அவர் ஒரு பட்டனை அமுக்கினால்தான் உங்களுக்கு விமானம். அதே ஆப்பில்தான் அந்த வீட்டு மேடம் வெளிநாடு போகலாமா கூடாதா என்பதையும் அவர் முடிவுசெய்தார். முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டியவருக்கும் பின் சீட்டில் இருந்தவருக்கும் ஒரே ஆள்தான் அனுமதி தர வேண்டியிருந்தது. பெண்களை ஓட்ட விடாததால்தான் லட்சக்கணக்கான ஆண்கள் உங்களைப் போல அங்கே டிரைவர் வேலைக்குப் போனீர்கள், நம் வீடுகளில் அடுப்பெரிந்தது. அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

மாறியவை உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். 2019 ஆகஸ்டில், 21 வயதான பெண்கள் தாங்களே பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று ஆக்கினார்கள். 2021ல் தொழிலாளர்கள் பலர் கபீல் அனுமதி இல்லாமலே நாடு திரும்ப வழி செய்தார்கள், வீட்டு வேலைக்காரர்களையும் ஹவுஸ் டிரைவர்களையும் மட்டும் அதில் சேர்க்கவில்லை. கல்யாணத்துக்கு ஆண் பாதுகாவலர் வேண்டும் என்பதை 2022ல் சட்டமாகவே எழுதிவைத்தார்கள்.

லுஜைனுக்கு நடந்ததைக் கேளுங்கள். 2014ல் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து தானே காரோட்டிக்கொண்டு சவுதி எல்லைக்கு வந்தார், அதற்கு 73 நாள் காவல். 2018 மார்ச்சில் அபுதாபியில் படித்துக்கொண்டிருந்தவரை அங்கேயே பிடித்து விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மே மாதக் கைதுக்குப் பிறகு முதல் மாதங்களில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பெற்றோருக்கே தெரியாது. பிறகு பார்க்கப் போனபோது மகளின் கை நடுங்கியதைக் கண்டார்கள். மின்சாரம் பாய்ச்சியதாகவும், தண்ணீரில் மூச்சு முட்டச் செய்ததாகவும், பாலியல் தொல்லை தந்ததாகவும் அவர் சொன்னதைக் குடும்பம் வெளியே சொன்னது. அரசு மறுத்தது, ஆதாரமில்லை என்று நீதிமன்றம் புகாரைத் தள்ளியது. சித்திரவதையே நடக்கவில்லை என்று கேமரா முன் சொன்னால் விட்டுவிடுகிறோம் என்று 2019ல் ஒரு தாளை நீட்டினார்கள், லுஜைன் அதைக் கிழித்துப் போட்டார் என்கிறார்கள் அவர் சகோதரிகள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கை ஓடாது. ஒரு பொய், ஒரு வீடியோ, அன்றே வீட்டுக்குப் போயிருக்கலாம்.

பிடித்துப் பத்து மாதம் கழித்துத்தான் குற்றச்சாட்டு என்ற ஒன்று வந்தது. என்ன தெரியுமா? வெளிநாட்டு நிருபர்களிடமும் தூதரகத்தாரிடமும் பேசினார், ஐநாவில் வேலைக்கு விண்ணப்பித்தார். இதற்காகக் கடைசியில் பயங்கரவாத வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்கு மாற்றி, 2020 டிசம்பர் 28 அன்று 5 ஆண்டு 8 மாதத் தண்டனை கொடுத்தார்கள். ஒரு பகுதியை நிறுத்திவைத்ததால் 2021 பிப்ரவரி 10 அன்று, 1001 நாளுக்குப் பிறகு, வெளியே வந்தார். அந்தச் சிறை சட்டத்துக்குப் புறம்பான தடுப்பு என்று ஐநாவின் பணிக்குழு 2020லேயே சொல்லிவிட்டது. பயணத்தடை 2023 நவம்பரில் முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு எல்லைக்குப் போனவரை, கெடு சொல்லாமல் இன்னும் தடை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள்.

நீங்கள் கேள்வி கேட்ட மனாஹெல் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர். என்ன உடுத்துவது என்பது பெண்களின் முடிவு என்று பட்டத்து இளவரசர் 2018ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொன்னார். மனாஹெல் அதை நம்பினார் மாமா. நாடு மாறிவிட்டது, எனக்குப் பிடித்ததை உடுத்தலாம், நினைப்பதைப் பேசலாம் என்று 2019ல் ஒரு ஜெர்மன் ஊடகத்துக்குச் சந்தோஷமாகப் பேட்டியே கொடுத்தார். 2022 நவம்பரில் கைது. அபாயா என்ற நீள மேலங்கி போடாமல் கடைக்குப் போன படங்கள், பாதுகாவலர் முறையை நீக்கச் சொன்ன பதிவுகள், இவைதான் குற்றம். 2024 ஜனவரியில் யாருக்கும் தெரியாமல் 11 ஆண்டு விதித்தார்கள். ஐநா நிபுணர்கள் கேட்டதற்கு அரசு எழுதிய பதிலைப் பார்த்துத்தான் உலகத்துக்கே தெரிந்தது. அந்த வருஷம் மார்ச்சில்தான் ஐநாவின் பெண்கள் நிலைக்கான ஆணையத்துக்குத் தலைமை தாங்க சவுதியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நீங்கள் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட அந்த வீட்டுப் பெண்பிள்ளை இப்போது லைசென்ஸ் எடுத்து ஓட்டுகிறாள் என்று போன தீபாவளிக்குச் சொன்னீர்களே, அதில் எனக்கும் சந்தோஷம்தான். அந்த லைசென்ஸை வாங்கித் தந்தவர்கள் யார் என்று யாராவது உங்களிடம் கேட்டால் லுஜைன், அஸீஸா, ஈமான், மதீஹா, ஆயிஷா என்று சொல்லுங்கள். பிள்ளைகள் இருக்கும் குழுவில் வேண்டாம், நேரில் சொல்லுங்கள்.

அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு வருகிறேன். இதில் நீங்கள் ஒப்புக்கொள்ளாதது எதுவோ அதை அப்போது பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்