வைல்

அன்பு நண்பா,

ஏழு மாதமாகப் பதில் போடாததற்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை. வக்கீலிடம் மட்டும் சொல்லிவிடாதே, பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவான். வீட்டில் அனைவரும் நலம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்து ஷெஃபீல்டில் என் ஆங்கிலத்துக்குத்தான் சுகமில்லை.

போன வாரம் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைச் சரிசெய்யப் படுத்துக்கொண்டு, நிலவறையில் வால்வருகே நின்ற என்னிடம், "டோன்ட் டர்ன் இட் ஆன் வைல் ஐ ஷவுட்" என்றார். அவர் கத்தும்போது திறக்கக் கூடாது என்று புரிந்துகொண்டேன். கத்தினார், திறக்கவில்லை. மறுபடியும் கத்தினார், கை தவறிப் பட்டுவிடப் போகிறதென்று ஓரடி பின்வாங்கி நின்றேன். யார்க்‌ஷயரில் 'வைல்' என்றால் 'வரைக்கும்' என்பதும், கடை 'ஒன்பது வைல் ஐந்து' திறந்திருக்கும் என்பதும் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. 'ஸ்பைஸ்' வேண்டுமா என்று அவர் முதன்முதலில் கேட்டபோது மசாலாவை எதிர்பார்த்துக் கை நீட்டி, மிட்டாய் வாங்கியவன்தானே நான்!

ஆனால் படியில் நின்று அவர் கேட்டது, "வாட்ஸ் தா பிளேயிங் அட்?" 'தீ', 'தா' என்பவை ஆங்கிலம் தொலைத்துவிட்ட 'நீ', அவற்றை 'டீ', 'டா' என்று உச்சரிப்பதால் இவ்வூராரைப் பக்கத்து ஊர் பார்ன்ஸ்லிக்காரர்கள் 'டீ-டா' என்றே கேலி செய்வார்கள். முன்பெல்லாம் பெரியவர்களைப் பார்த்து 'தா' போட்டால், நம்மூரில் ஏகவசனத்தில் பேசியதற்குக் கிடைப்பதுதான் இங்கும் கிடைக்குமாம். மூன்று வருடம் 'யூ' என்று மரியாதையாகத் தள்ளி வைத்திருந்தவர், 'தா' என்று வைது அழைத்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பதினைந்து வயது வரை எழுதப் படிக்கத் தெரியாமல் ஆலையில் உழைத்து, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரான யார்க்‌ஷயர்க்காரர் ஜோசப் ரைட், 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வட்டார வழக்கு அகராதி வெளியிட்டார். என் 'வைல்' அதில் இருக்கிறது. பெரியவரின் பேரன் வாயில்தான் இல்லை. தாத்தா 'தா' என்றால் சிரிக்கிறான், அனைவருக்கும் 'யூ' போடுகிறான். இது என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று தெரியவில்லை. நம் பிள்ளைகள் தமிழில் பேசினால் பதில் ஆங்கிலத்தில் வருகிறதே, அதனாலோ என்னவோ.

பெரியவரை மகள் கென்ட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறாள். ஏப்ரல் வைல் இங்கேதான் இருப்பார். லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான், ஒரு சனிக்கிழமை வந்து போ.

உன்,
டீ-டா