அம்பின் இறகு பிய்ந்தால்: வில்வித்தைப் பயிற்சி மாணவர்களின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பயிற்சியில் அம்பின் இறகு பிய்வது வாடிக்கை. அதற்காகப் புது அம்பு வாங்க வேண்டியதில்லை. வேன் எனப்படும் பிளாஸ்டிக் இறகை வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

ஆனால் இறகில் கைவைக்கும் முன் தண்டைப் பாருங்கள். கார்பன் தண்டை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து, இரு முனையிலும் லேசாக வளைத்தபடி சுழற்றுங்கள். சடசடவென்று சத்தம் வந்தாலோ, நகத்தில் கீறல் தட்டினாலோ, நார் கிளம்பியிருந்தாலோ அந்த அம்பைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு நாணை விட்ட கணத்தில் உடைந்து, வில் பிடித்த கையில் ஏறிவிடக்கூடும். இதில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நசுங்கி நெளிந்த வேனைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் சில நொடி காட்டினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். வான்கோழி இறகுக்கும் இதுவே வழி. கிழிந்ததையும் அடி தூக்கியதையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

எடுப்பதற்கு முன், நாக் (அம்பின் பின்முனையில் நாணில் மாட்டும் பிளவுள்ள பகுதி) முனையிலிருந்து வேன் எத்தனை மில்லிமீட்டரில் தொடங்குகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மழுங்கிய கத்தியைத் தண்டோடு படுக்கவைத்துத் தள்ளுங்கள். செங்குத்தாகச் சுரண்டினால் கார்பன் நார் அறுபடும். மிச்சப் பசையை எடுத்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு அங்கே விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசைதான் ஒட்டாமல் போவதற்கு முதல் காரணம். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள அசிட்டோன் தண்டின் பூச்சைக் கெடுக்கும்.

புது வேன் மற்ற இரண்டின் அதே நீளம், உயரம், எடையில் இருக்க வேண்டும். மூன்றும் 120 பாகை இடைவெளியில் நிற்கும். நிறம் மாறியிருப்பது வழிகாட்டி வேன். ரீகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த) வில்லில் அது நாக் பிளவுக்குச் செங்குத்தாக, வில்லுக்கு வெளிப்பக்கம் பார்த்திருக்கும். இதைக் கண்ணளவில் ஒட்டாதீர்கள், கட்டாயம் சரிந்துவிடும். ஒட்டுவதற்கு ஜிக் (அம்பையும் வேனையும் சரியான கோணத்தில் பிடித்துவைக்கும் கருவி) தேவை. பயிற்சியாளரிடம் கேட்டால் இரவல் கிடைக்கும்.

ஃபெவிக்விக் போன்ற பசையை வேனின் அடியில் மெல்லிய கோடாக இழுத்தால் போதும். அதிகமானால் ஓரத்தில் பிதுங்கும், உலரவும் நேரமாகும். ஜிக்கில் அசையாமல் அழுத்திப் பிடித்து, பிடித்தபின் முன்முனையிலும் பின்முனையிலும் கடுகளவு ஒரு சொட்டு வையுங்கள். பலகையில் பாயும்போது முதலில் அடிபடுவது முன்முனைதான், வேன் தூக்க ஆரம்பிப்பதும் அங்கேதான். ஒரு நாள் விட்டு எய்யலாம். பசை வேலை பெரியவர்கள் செய்யட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள்.

சுருள் வேன்களுக்குப் பசை கிடையாது, இருபக்க டேப்தான். மூன்றும் ஒரே பக்கம் சுருண்டிருக்க வேண்டும். வான்கோழி இறகிலும் இடச்சிறகு, வலச்சிறகைக் கலக்காதீர்கள்.

ஒரே வேன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிழிந்தால் அது வில்லில் உரசுகிறது என்று பொருள். எத்தனை முறை ஒட்டினாலும் பயனில்லை. அம்பின் நாக் பகுதியைச் சற்றுத் திருப்பவோ, ரெஸ்டை (வில்லில் அம்பைத் தாங்கும் பகுதி) சரிசெய்யவோ வேண்டும், பயிற்சியாளரிடம் காட்டுங்கள். பலகையை ஊடுருவி இறகுவரை புதைந்த அம்பைப் பின்னுக்கு இழுக்காமல், முன்பக்கமாகவே உருவச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

போட்டிக்குப் போகும் பிள்ளைகள் கவனிக்க: உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி ஒரு தடவையில் (end) எய்யும் அம்புகளின் வேன் நிறமும் நாக் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும், தண்டில் பெயரோ முதலெழுத்தோ எழுதியிருக்க வேண்டும். கிடைத்த நிறத்தில் மாற்றிவிட்டு நடுவரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

விரிசல் விட்ட அம்புகளைக் குப்பையில் போடாமல், முனைகளை டேப்பால் சுற்றிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்