அடுத்த வாகன நிறுத்தக் கட்டடத்துக்கு முன்: சென்னை மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தியாகராய நகர் தணிகாசலம் சாலையில், சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ், சுமார் 40 கோடி ரூபாய் செலவில் 222 கார்களும் 513 இருசக்கர வாகனங்களும் நிற்கக்கூடிய அடுக்குமாடி நிறுத்தம் ஒன்றை மாநகராட்சி கட்டியது. கடைத்தெருக்களில் இத்தகைய கட்டடங்களை மேலும் எழுப்பப் பொதுப்பணத்தை ஒதுக்குவதற்கு முன், இந்த ஒன்றின் கணக்கையேனும் மாமன்றத்தில் வைத்துப் பேசுமாறு கேட்டு இதை எழுதுகிறேன்.

ஐந்து இருசக்கர வாகனங்களை ஒரு காருக்கு ஈடாகக் கொண்டால், ஒரு கார் நிற்கும் இடத்துக்கு நாம் செலவிட்டது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். மணிக்கு 20 ரூபாய் கட்டணத்தில், நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் அந்த இடம் காலியாகவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், போட்ட முதல் திரும்ப 20 ஆண்டுகள் ஆகும். நிலத்தின் மதிப்பும், மின்சாரமும், பராமரிப்பும் இதில் சேரவில்லை. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டுவது, கார் வாங்க வழியில்லாதவரும் சேர்ந்து செலுத்தும் வரிதான்.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறக்கப்பட்ட 570 மீட்டர் ஆகாய நடைமேம்பாலத்துக்கு ஆன செலவு 28 கோடியைச் சற்றே தாண்டியது. எழுபது வயதைக் கடந்த என் தாயார், ரங்கநாதன் தெருவின் நெரிசலில் இடிபடாமல், அதில் மின்தூக்கியின் துணையோடு பேருந்து நிலையம்வரை நிம்மதியாக வருகிறார். அதற்காக மாநகராட்சிக்கு மனமார்ந்த நன்றி. ஆனால் கீழே இறங்கியதும், நடைபாதையை மறித்து நிற்கும் வண்டிகளைச் சுற்றிக்கொண்டு அவர் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

வாடிக்கையாளர் வராமல் போய்விடுவாரோ என்ற வணிகர்களின் அச்சத்தை நான் லேசாக எண்ணவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நடக்கும் வியாபாரத்தை நம்பி ஆண்டு முழுவதும் கடை நடத்துவோர் அங்கே பலர். ஆயினும் கடை வாசலிலேயே இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ வண்டியை நிறுத்த முடிகிறவரை, எவரும் ஒரு தெரு தள்ளியுள்ள கட்டடத்தின் மேல்மாடியைத் தேடிப் போகமாட்டார். தெருவோர நிறுத்தத்துக்குக் கட்டடத்தைவிடக் கூடுதல் கட்டணம் வைத்து, அதைத் தவறாமல் வசூலித்து, நடைபாதையில் ஏறிய வண்டிகளை அகற்றினாலே இருக்கும் இடம் எவ்வளவு போதும் என்பது தெரிந்துவிடும். மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களுக்கும் சரக்கு இறக்கும் வண்டிகளுக்கும் தெருவில் இடம் ஒதுக்குவதை இதனோடு குழப்ப வேண்டாம். அது கட்டாயம் வேண்டும்.

போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் ஒதுக்க வேண்டும் என்று 2014-இல் கொள்கை வகுத்தது இந்த மாநகராட்சியேதான். பனகல் பூங்கா வழியாக மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதையும் அமைகிறது. இந்நிலையில், தணிகாசலம் சாலை நிறுத்தத்தின் மாதவாரி வரவு, செலவு, நிரம்பும் அளவு ஆகியவற்றை வெளியிடுமாறும், அதுவரை புதிய நிறுத்தக் கட்டடம் எதற்கும் நிதி ஒதுக்காதிருக்குமாறும், அந்தத் தொகையை உஸ்மான் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் தடையில்லாத நடைபாதை அமைக்கச் செலவிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாம்பலத்தில் ரயிலிறங்கி நடக்கும் ஒரு சென்னைவாசி