தங்கச்சிமடத்திலிருந்து மாப்பிள்ளைக்கு

தங்கச்சிமடம்,
ஆடி மாதம், திங்கட்கிழமை இரவு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. உடனே எழுத முடியவில்லை. நேற்றுத் திரும்பிய விசைப்படகில் இரண்டுக்கு கியர் பாக்ஸ் தகராறு, இருட்டும் வரை படகுத்துறை ஜெட்டியில்தான் கிடந்தேன். இன்று காலை அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு எல்லாரும் கடலுக்குப் போன பிறகுதான் கை ஒழிந்தது. வெளியே மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் தூங்கியாயிற்று.

அம்மா நலம். 2022 டிசம்பரில் ரயில் நின்றதிலிருந்து "வண்டிச் சத்தம் இல்லாமல் தூக்கமே வரலை" என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு நிம்மதி. மகள் பிளஸ் டூ வந்துவிட்டாள். சின்னவன் என் உயரத்துக்கு வளர்ந்துகொண்டிருக்கிறான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஜிம்மில் சேர்ந்துவிட்டேன், காலை நாலரைக்கு எழுகிறேன், புரோட்டீன் பவுடர் வாங்கியிருக்கிறேன், ஆனால் வீட்டில் என் தங்கச்சி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். "நல்லதுக்குத்தானே செய்கிறேன், இவளுக்கு ஏன் புரியவில்லை?" என்ற அந்த வரியை மூன்று தடவை படித்தேன். இதே வார்த்தையை இதே வீட்டில் நான் சொல்லியிருக்கிறேன், மாப்ள. அதனால்தான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு அம்மா மாதாமாதம் எங்கள் தெருவுக்கு வந்து பெரியவர்களுக்குப் பிரஷர், சர்க்கரை பார்ப்பார். மூன்று வருடம் முன்பு அம்மாவுக்குப் பார்க்க வந்தவரிடம் நானும் சும்மா கையை நீட்டினேன். 150க்கு 96. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1. 5.7இலிருந்து 6.4 வரை நோய்க்கு முந்திய நிலை, 6.5 தொட்டுவிட்டால் நோய் என்றார் டாக்டர். அப்பாவின் கால் விரலை எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வந்தவன் நீதான். அந்த வார்டு வாடை எனக்கு அன்றைக்கு மறுபடி வந்தது. பயந்துவிட்டேன்.

மறுவாரமே ஜிம்மில் சேர்ந்தேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் திரும்ப ஏழேகால். எனக்கென்று தனிச் சாப்பாடு: ஓட்ஸ், வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, ஆறு முட்டையின் வெள்ளைக்கரு. எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தேன். ஜெட்டியில் எல்லாரும் கேட்டார்கள், சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் ஜிம்மில் இருந்த அந்த இரண்டேகால் மணி நேரம் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவது ஐந்தரைக்கு. முன்பெல்லாம் குடம் தூக்குவது நான். இப்போது என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, தூக்கினாள். அம்மாவைக் குளியலறைக்குக் கூட்டிப் போவது, சின்னவனை எழுப்புவது, எங்களுக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல், எல்லாம் முடித்து ஒன்பது மணிக்குள் அவள் அங்கன்வாடியில் இருக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளை எடை போட்டு, எது சத்து என்று தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். ஒரு நாள் காலை குழாயடியில் மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கி உட்கார வைத்தார்கள். நான் ஜிம்மில் இருந்தேன்.

ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12க்கு மேல் இருக்க வேண்டும். அவளைத் திட்டினேன், "ஏன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்று. அவள் கோபப்படவே இல்லை. "நீங்க உடம்பைத் தேத்துறீங்க, நல்லதுதான். எனக்கு ஒரு வருசமா காலைச் சாப்பாடு நின்னுக்கிட்டுதான். அதுவும் மிச்சம் இருந்தா" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. நம் தமிழ்நாட்டில் 15இலிருந்து 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கும் மேல், 53 சதவீதத்துக்கு, ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இருக்கிறது. அதைப் பிறகுதான் அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்தக் கணக்கில் என் வீடும் ஒன்று. நான் உடம்பு வளர்த்த காலத்தில் நடந்தது இது.

நீ உடற்பயிற்சி செய்யாதே என்று சொல்ல வரவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதே. நமக்கு அது வேண்டும். உன் பயிற்சி நேரம் யாருடைய நேரத்திலிருந்து எடுத்தது என்று பார். என் தங்கச்சியின் கோபத்துக்குப் பதில் அங்கேதான் இருக்கும்.

நாங்கள் பிறகு எப்படி மாற்றினோம் என்று எழுதுகிறேன். உன் ஊருக்கு ஏற்றபடி நீ எடுத்துக்கொள்.

முதலில் ஜிம்மை விட்டேன். காலை ஐந்தரைக்குக் குடம் மறுபடி என் கைக்கு வந்தது. ஒரு குடம் நிறைத்தால் சுமார் 15 கிலோ. இரண்டு கையிலும் ஒவ்வொன்று, முதுகை நிமிர்த்தி, குழாயடியிலிருந்து வீட்டுக்கு ஐந்து நடை. தோளும் பிடியும் முதுகும் இதில் நன்றாகவே இறுகும். ஜெட்டிக்கு மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு சைக்கிளில் போகிறேன், ஒரு பக்கம் எட்டு கிலோமீட்டருக்குக் கிட்ட. ஆடியில் போகும்போது கச்சான் தள்ளிவிடும், திரும்பும்போது நெஞ்சுக்கு நேரே நிற்கும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 150 நிமிடம் சைக்கிளிலேயே தாண்டிவிடுகிறது. தசைக்கு திங்கள், புதன், சனி மாலை. அந்த மூன்று நாளும் படகுகள் கடலில் இருக்கும், ஜெட்டி காலியாகக் கிடக்கும், என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டுக் கொல்லையில் தண்டால், பஸ்கி, வேப்பமரக் கிளையில் தொங்கி ஏறுவது. முப்பது நிமிடம். சின்னவனும் கூட நிற்கிறான்.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும், ஊருக்கே ஓய்வு, எனக்கு மட்டும் இடுப்பு ஒடியும். எல்லாப் படகும் கரையேறி எஞ்சினைப் பிரிப்பது அப்போதுதான். முதல் வருடம் அந்த இரண்டு மாதமும் பயிற்சி விட்டுப்போயிற்று என்று மனம் உடைந்துபோனேன். இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை, பதினைந்து நிமிடம் மட்டும், ஆனால் கஷ்டமானதாகச் செய்கிறேன். பலம் இறங்கவில்லை. உனக்கும் வருடக் கடைசிக் கணக்கு முடிக்கிற மாதங்கள் வரும். அப்போது குறைத்துக்கொள், நிறுத்தாதே.

சாப்பாடுதான் பெரிய மாற்றம். ஒரே உலை, ஒரே குழம்பு என்று முடிவு செய்தோம். எனக்கென்று தனியாக எதுவும் வேகாது. சோறு எல்லாருக்கும் உண்டு. முன்பு எனக்கு நாலு அகப்பை, இப்போது இரண்டு. மீதி இடத்தில் காயும் மீனும். தீவில் காய்கறி விலை உனக்கே தெரியும், மதுரையிலிருந்து வந்து சேர வேண்டும். அதனால் கொல்லையில் முருங்கை, பப்பாளி, கொத்தவரை வைத்தோம். மீன் மட்டும் நமக்குக் குறைவில்லை. சீலாவும் பாறையும் வாங்கினால்தான் விருந்து என்று நினைத்திருந்தேன். சாளையும் சூடையும் நெத்திலியும் கூறு கட்டி விற்கிறார்களே, இதயத்துக்கு நல்ல கொழுப்பு சாளையில் அவ்வளவு இருக்கிறது. சின்ன மீனை முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். பொரிப்பதை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிட்டுப் புளி போட்டுக் குழம்பாக வைக்கிறோம். கருவாட்டை விடத்தான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறார்கள், கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்று அது எங்கே நிற்கும்? மாதம் இரண்டு தடவை என்று அம்மாவோடு பேசி முடித்தோம். கருப்பட்டிக் காப்பி என்றால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கையும் அம்மாவுக்கு உண்டு. ஏறும், மாப்ள. நீயும் அந்த நம்பிக்கையில் இருக்காதே.

உன் தங்கச்சிக்கு இரும்புச் சத்து மாத்திரை. அதோடு சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை நிறுத்தினாள், உணவிலிருந்து இரும்பு ரத்தத்தில் சேராமல் டீ தடுத்துவிடும். முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழிகிறோம், அது சேர உதவும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஏழேமுக்காலுக்கு ஐந்து பேரும் ஒன்றாக உட்காருகிறோம். அவள் உட்காராமல் யாரும் கை வைப்பதில்லை. இது மகள் போட்ட சட்டம். ஐந்து மாதத்தில் 11.4 வந்தது. 12ஐத் தாண்டிய பிறகும் சில மாதம் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். என் சராசரி இப்போது 5.6. ஜிம் காலத்தில் குறைந்த ஒன்பது கிலோவில் மூன்று திரும்பி வந்துவிட்டது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

உன் பவுடருக்கு வருகிறேன். நம் நாட்டுக் கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 72 கிலோ இருக்கிற உனக்கு 60 கிராம் போதும். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் 20, மீதி பருப்பு, தயிர், சுண்டல், சோறு எல்லாம் சேர்த்து வந்துவிடும். தசை வளர்க்கப் புரதப் பவுடர் எடுக்க வேண்டாம் என்றுதான் 2024இல் வந்த ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டியிலும் இருக்கிறது. அந்த டப்பா காசில் வீட்டில் நாலு பேருக்கும் முட்டை வாங்கலாம். மஞ்சள் கருவை எறியாதே. மாத்திரை விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேட்காதே, உன் டாக்டரைக் கேள்.

நாலரை மணி எழுச்சியையும் விட்டுவிடு. பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம், சர்க்கரைக்கு அதுவே கெடுதல். ராத்திரி சாப்பிட்டதும் கால் மணி நேரம் நட, சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை நன்றாக இறங்கும். என் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ. பாத்திரத்தை இரண்டு பேரும் சேர்ந்து கழுவிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அவள் வர முடியாது. நாங்கள் தென்கடல் ஓரம் ஈரமணலில் போகிறோம். பல வருடமாக வீட்டுக்குள் பேசாத பேச்செல்லாம் அந்த நடையில் பேசியிருக்கிறோம்.

தை மாதம் குடும்பத்தோடு வா. பனங்கிழங்கு வந்திருக்கும், வாடைக் காற்றும் தணிந்திருக்கும். புதுப் பாலத்தில் ரயிலிலேயே வாருங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும்.

அப்புறம், அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, தனியாகப் போகாதே. என் தங்கச்சியையும் கூட்டிப் போய் அவளுக்கும் ஹீமோகுளோபின் பார். அடுத்த கடிதத்தில் இரண்டு பேர் எண்ணையும் எழுது, அவளுடையதை முதலில் எழுது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை