பேங்க் அக்கவுண்ட் கேட்ட பையன்

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, உன் ரூம் பையன் உன் பேங்க் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாளைக்குக் கேட்டதாகப் பேச்சுவாக்கில் சொன்னாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் அப்போது நான் தோண்டிக் கேட்கவில்லை.

வக்கீல் குமாஸ்தாவான எனக்குக் கஞ்சா கேஸ் கட்டு புதுசில்லை. ஆனால் இப்போது நாகர்கோவில் கோர்ட்டில் வந்து நிற்கிறவர்களில் பலருக்கு உன் வயதுதான். ஒருத்தன் குலசேகரம் பக்கத்துக்காரன், அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். செமஸ்டர் பீஸுக்குத் திண்டாடியவனுக்கு ஒரு 'அண்ணன்' பணம் கொடுத்தான், ஓட்ட பைக்கும் கொடுத்தான். மாசக்கணக்கில் திருப்பிக் கேட்கவே இல்லை. அப்புறம் ஒருநாள், களியக்காவிளையில் ஒரு பையை வாங்கி வடசேரி பஸ் ஸ்டாண்டில் கொடுத்துவிடு, அவ்வளவுதான் என்றான். பையன் தயங்கினான். உடனே பழைய கணக்கு முழுவதும் வெளியே வந்தது, வட்டியோடு. வீட்டில் சொல்ல வெட்கம், கொடுக்கக் காசில்லை; போனான். பிடிபட்டபோது அண்ணனின் அசல் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே இன்ஸ்டாகிராம் ஐடியும் காணாமல் போயிருந்தது. ஜாமீனுக்கு அலைந்த அவன் அம்மாவின் காதில் கம்மல் இல்லை, ஈர்க்குச்சிதான் இருந்தது. எஃப்ஐஆரில் பையன் பெயர் மட்டும்.

இப்படிப்பட்ட வீடாகப் பார்த்துத்தான் வருகிறார்கள். 18 வயது ஆகாத பிள்ளைகளைக்கூட விடுவதில்லை. பிள்ளைகளை இதற்கு அனுப்புகிறவனுக்கு 7 வருடம் வரை சிறை என்று 2015 சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது, சரி. ஆனால் அனுப்பியவன் கையில் கிடைக்க வேண்டுமே!

பையில் என்ன இருந்தது என்று தெரியாது என்றால் தப்பிவிடலாம் என்று நினைக்காதே. 1985 போதைப்பொருள் சட்டப்படி, தெரியாது என்பதை மாட்டியவன்தான் நிரூபிக்க வேண்டும். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 வருடம். எம்டிஎம்ஏ என்கிற ரசாயனப் போதைப்பொருள் என்றால் 10 கிராமைத் தாண்டினாலே அதே கதி, ஜாமீனும் லேசில் கிடைக்காது. அக்கவுண்ட் கொடுப்பதும் பையைச் சுமப்பதும் ஒன்றுதான். விற்ற பணம் உன் பெயரில் வந்து இறங்கினால் போலீஸ் முதலில் உன்னைத்தான் தேடும்.

இன்னொன்று, கோபப்படாதே. அந்த ரூமில் யாராவது இழுத்துப் பழகியிருந்தால், தானாகச் சிகிச்சைக்குப் போகிறவனுக்கு அதே சட்டத்தின் 64ஏ பிரிவில் பாதுகாப்பு உண்டு. போதையை விட உதவும் 14446 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் காசு கிடையாது. அது நீயாக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்.

ஏடிஎம் கார்டும் சிம்மும் உன் கையில்தானே இருக்கிறது? இதற்கு மட்டும் இன்றைக்கே பதில் போடு. கொடுத்துவிட்டாய் என்றால் பேங்க்குக்குப் போய் உடனே முடக்கச் சொல். அவனிடம் எவ்வளவு வாங்கியிருந்தாலும் நான் கட்டுகிறேன்.

அப்பா