மைக்கில் வரும் வசையும் கள்ளாட்டம்தான்: கொழும்பு இ-ஸ்போர்ட்ஸ் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். கொழும்பில் மண்டபம் எடுத்து, ஸ்பொன்சர் பிடித்து, வார இறுதிகளில் வலோரன்ட், டோட்டா, பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்று கணினியிலும் போனிலும் ஆடுகிற கேம்களில் போட்டி வைக்கிற உங்கள் எல்லோருக்கும்தான் இந்த மடல். பாடசாலைகளுக்கு இடையில் போட்டி நடத்துபவர்களுக்கும், கேமிங் கஃபே வைத்துக்கொண்டு இடைக்கிடை சின்னதாக ஒரு டூர்னமென்ட் போடுபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களில் பலர் கைக்காசைப் போட்டுத்தான் இதை இந்த ஊரில் வளர்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். 2022 இல் மணிக்கணக்கில் கரண்ட் போய், ரூபாயும் விழுந்து, கணினிக் கடைகள் இருக்கிற யூனிட்டி பிளாசாவில் ஒரு கிராபிக்ஸ் கார்டின் விலையைக் கேட்டுவிட்டு ஆட்கள் பேசாமல் படியிறங்கிய காலத்திலும் நீங்கள் இதைக் கைவிடவில்லை. அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

போட்டி முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் உங்களில் யாராவது ஒருவர் கேட்பீர்கள்: "ஏன் பெண்கள் வருவதில்லை?" நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் நாங்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருக்கிறோம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் டியூஷன் முடிந்து வந்து போனில் பப்ஜி ஆடுகிறார்கள். வங்கியில் வேலை செய்கிற அக்கா ஒருவர் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து ராங்க் (கேமில் ஆட்டக்காரரின் தரநிலை) ஏற்றுகிறார். எனக்குப் பகலில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, இரவில் வலோரன்ட். எங்களில் அநேகம் பேர் ஆண் பெயரில் இருக்கிறோம், இல்லாவிட்டால் ஆணா பெண்ணா என்று பிடிபடாத ஒரு பெயரில். மைக் அணைந்தே இருக்கும். அதனால்தான் உங்கள் கண்ணில் படுவதில்லை.

மைக்கை அணைத்து வைப்பது சின்ன விஷயமில்லை. வலோரன்ட் என்பது ஐந்து ஐந்து பேராக இரண்டு அணிகள் துப்பாக்கியால் மோதுகிற கேம். 2020 இல் அது வந்த நாளிலிருந்து அதை ஆடுகிற எவரையும் கேட்டுப் பாருங்கள், அது பாதி கண்ணால் ஆடுகிற ஆட்டம், மீதி காதாலும் வாயாலும். எதிரி ஏ பக்கம் வருகிறானா, பி பக்கமா, யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம், யார் பின்னால் சுற்றி வருகிறான் என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 13 ரவுண்டை முதலில் எடுக்கிற அணி வெல்லும்; அதில் ஐந்து பேரில் ஒருவர் ஊமையாக இருந்தால் அணியே நொண்டும். ஆக, குரலைக் காட்டினால் வசை வாங்க வேண்டும், காட்டாவிட்டால் தகவல் சொல்ல முடியாமல் தோற்க வேண்டும். அப்படித் தோற்றுத் தோற்று ராங்க் இறங்கிய ஒரு பெண்ணைப் பார்த்து "பெண்களுக்கு இது வராது" என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

மும்பை சர்வரில் ஆடும்போது எங்காவது தமிழ் கேட்டால் மனம் குளிர்ந்துபோகும். தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் "நம்ம ஆளா? எந்த ஊரு?" என்பான். கொழும்பு என்று வாயைத் திறந்தால் போதும், "அக்கா, சமையல் முடிஞ்சுதா?" என்று தொடங்கும். இரண்டு ரவுண்ட் தோற்றதும் அதே வாயிலிருந்து, வீட்டில் யார் முன்னாலும் சொல்ல முடியாத சொற்கள் வரும். தாய்மொழியில் கேட்கும்போது அது இன்னும் ஆழமாக இறங்கும். சிங்களம் பேசுகிற அணியில் விழுந்தால் பெண் என்பதற்கு ஒரு வசை, தமிழ் என்பதற்கு இன்னொன்று. (நல்லவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் கிடைத்த மிக நல்ல அணித் தோழன் காலி நகரத்திலிருந்து ஆடுகிற ஒரு சிங்களத் தம்பிதான்.)

சரி, மும்பை சர்வர் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதற்கு வருகிறேன்.

கொழும்பில் ஒரு கஃபேயில் நடந்த போட்டி. எங்கள் அணியில் நான் ஒருத்திதான் பெண். எண்ணிக்கை சமமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரணி ஸ்பைக்கை, அதாவது கேமில் வரும் வெடிகுண்டை, வைத்துவிட்டது. எங்கள் பக்கம் நான் மட்டும் உயிரோடு, அவர்கள் பக்கம் ஒருவன். ஸ்பைக்கைச் செயலிழக்கச் செய்ய 7 செக்கன் வேண்டும். அந்த 7 செக்கனும் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறேன். என் கதிரைக்குப் பின்னால் எதிரணியின் நண்பர்கள் இருவர் குனிந்து, என் உடம்பைப் பற்றி ஒரு வசனத்தை முதலில் சிங்களத்தில் சொன்னார்கள், அப்புறம் எனக்கு விளங்கட்டும் என்று உடைந்த தமிழில் சொன்னார்கள். என் விரல் தானாக விலகியது. ரவுண்ட் போனது. பிறகு ஆட்டமும் போனது.

நான் எழுந்து, போட்டியை நடத்துபவர் இருந்த அட்மின் மேசைக்குப் போனேன். "இதெல்லாம் கேமில் சகஜம் தங்கச்சி. ஹெட்செட்டை நல்லா இறுக்கிப் போட்டு விளையாடுங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து சாப்பிடாமல் ஓடிக்கொண்டிருந்தார். அதே மாலை, வேறு ஓர் அணியில் ஒருவருடைய மவுஸில் ஸ்கிரிப்ட், அதாவது ஆளுக்குப் பதிலாகத் தானே ஆடிக்கொடுக்கும் ஒரு புரோகிராம், ஓடுகிறது என்று சந்தேகம் வந்தது. ஆட்டத்தை உடனே நிறுத்தினார்கள். மவுஸைக் கழற்றிப் பார்த்தார்கள், ஆட்டப் பதிவைத் திரும்ப ஓட்டினார்கள், சிறிது நேரத்தில் அந்த அணி வெளியே. அது சரியான முடிவு. நானும் கைதட்டினேன். ஆனால் என்னுடைய ரவுண்டைக் கெடுத்ததும் அந்த ஸ்கிரிப்ட் செய்த வேலையைத்தானே செய்தது? திறமைக்கு வெளியே இருந்து ஒன்றைக் கொண்டுவந்து ஆட்டத்தின் முடிவை மாற்றியது. ஒன்றுக்கு வெளியேற்றம், மற்றதற்கு ஹெட்செட்டை இறுக்கச் சொல்லும் புத்திமதி என்றால், விதிமுறையில்தான் ஓட்டை இருக்கிறது. வசையைக் கள்ளாட்டம் என்ற தலைப்பின் கீழ் எழுதி, அதற்குரிய தண்டனையைக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

பெண் நன்றாக ஆடினால் கள்ளாட்டம் என்று உடனே நம்பிவிடுகிற உலகம் இது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. 2016 இல் தென்கொரியாவில் கெகுரி என்ற பெயரில் ஓவர்வாட்ச் என்ற துப்பாக்கிச் சண்டை கேமை ஆடிய கிம் செ-யோன் என்ற 17 வயதுப் பெண்ணின் குறி அவ்வளவு துல்லியமாக இருந்ததால், ஹேக் போட்டு ஆடுகிறாள் என்று எதிரணி வீரர்கள் குற்றம் சாட்டினார்கள். அவள் கமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, கையும் திரையும் தெரிய நேரலையில் ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. ஆடிக் காட்டினாள். குற்றம் சாட்டிய இருவர் ஒதுங்கிக்கொண்டார்கள். 2018 இல் ஷாங்காய் ட்ராகன்ஸ் அணிக்காக ஓவர்வாட்ச் லீக்கில் களமிறங்கிய முதல் பெண் அவள்தான். அடுத்த வருடம், 2019 நவம்பரில், ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டாட்ட கேமின் உலக இறுதிப் போட்டியில் சீனாவின் லி ஷியாவோமெங் வென்றார். முன்பு ஒரு போட்டிக்குப் பதியப் போன இடத்தில், பெண் பிள்ளைக்கு இந்த வரிசையில் என்ன வேலை என்று தன்னை ஒருவர் கேட்டதை அவர் கிண்ணம் வாங்கிய மேடையிலேயே சொன்னார். எங்கள் ஊர் வரிசைகளில் நிற்கிற பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பேரையும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

"மைக்கில் என்ன பேசினார்கள் என்று எப்படி நிரூபிப்பது?" என்று கேட்பீர்கள். கிரிக்கெட்டைப் பாருங்கள். 2019 ஜனவரியில் டர்பனில் தென்னாபிரிக்க வீரர் ஒருவரைப் பார்த்து இனவாதமாகப் பேசியது ஸ்டம்ப் மைக்கில் பதிந்ததால், பாகிஸ்தான் அணித்தலைவர் சர்ஃபராஸ் அஹமதை ஐ.சி.சி. நான்கு போட்டிகளுக்கு இடைநிறுத்தியது. அணித்தலைவர் என்றும் பார்க்கவில்லை. நம் ஆட்டத்தில் ஆளுக்கொரு மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போட்டி நேரத்தில் அணிகளின் குரல் பதிவாகும் என்று முன்கூட்டியே சொல்லி, பதிந்து, பிரச்சினை இல்லாவிட்டால் சில நாளில் அழித்துவிடுங்கள். பாதிப் பேர் அந்த அறிவிப்பைக் கேட்டதுமே நாக்கை அடக்கிக்கொள்வார்கள்.

கேம் கொம்பனியே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. வலோரன்டை உருவாக்கிய ரையட் நிறுவனம் தன்னிடம் வேலை செய்த பெண்கள் தொடுத்த பாகுபாட்டு வழக்கை முடிக்க 2021 டிசம்பரில் 100 மில்லியன் டொலர் கொடுக்கச் சம்மதித்தது. அதே நிறுவனம் 2022 இல் குரல் உரையாடலைப் பதிந்து பரிசோதிக்கத் தொடங்கியபோது, வட அமெரிக்காவில், ஆங்கிலத்தில்தான் தொடங்கியது. தமிழ் வசையை ஆங்கில எழுத்தில் தட்டினால் எந்த ஃபில்டரும் அதைப் பிடிப்பதாக நான் கண்டதில்லை. இதை விளங்கிக்கொள்ள இந்த ஊர்க் காது வேண்டும். அட்மின் மேசையில் சிங்களமும் தமிழும் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

இன்னொரு விஷயம், இது பேசப்படுவதே இல்லை. போட்டிக்குப் பதிந்தவுடன் எங்கள் போன் நம்பரை வட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறீர்கள். நூற்றுக்கணக்கான முகம் தெரியாத ஆட்களுக்கு முன்னால் என் நம்பரும் படமும். அன்றிரவே "ஹாய்" வரும். பதில் போடாவிட்டால் கேள்விக்குறி வரும். அப்புறம் வீடியோ கோல். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி இந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்த போட்டிக்குப் பதியவில்லை. நம்பரை மாற்றச் சொல்லி அப்பா நின்றுவிட்டார், கேமையும் விடச் சொன்னார். நம்பர் வெளியே தெரியாமல் அறிவிப்பு அனுப்ப வழிகள் இருக்கின்றன. நம்பரைக் காட்டாமல் பேசக்கூடிய டிஸ்கோர்ட் செயலி இருக்கிறது. இதற்கு ஒரு சதம் செலவில்லை.

நேரத்தையும் யோசியுங்கள். இறுதி ஆட்டம் இரவு பதினொன்றுக்கு முடிந்தால் நாங்கள் வீட்டுக்குப் போவது எப்படி? இலங்கையில் பொதுப் போக்குவரத்தில் 90 சதவீதமான பெண்கள் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வே சொன்னது. பகல் நேரத்து 100 ஆம் நம்பர் பஸ்ஸிலேயே பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் நாங்கள். காலையில் தொடங்கி ஏழு மணிக்குள் முடியுங்கள். பெண்களுக்குப் பூட்டுப் போடக்கூடிய ஒரு கழிவறை இருக்கிற இடத்தில் வையுங்கள்.

பெண்களுக்கு மட்டும் தனிப் போட்டி வைக்கலாமே என்று சிலர் சொல்கிறீர்கள். வையுங்கள், நான் எதிர்க்கவில்லை. ரையட் 2021 இல் பெண்களுக்காகத் தொடங்கிய கேம் சேஞ்சர்ஸ் தொடரால் எத்தனையோ பேர் மேடைக்கு வந்தார்கள். 2022 இல் பர்மிங்ஹாமில் நடந்த கொமன்வெல்த் இ-ஸ்போர்ட்ஸ் போட்டியிலும் பொதுப் பிரிவோடு பெண்கள் பிரிவும் இருந்தது. ஆனால் மகளிர் தினத்துக்கு ஒரு பிங்க் போஸ்டர் அடித்து, பரிசுத் தொகையைக் குறைத்து, மற்றப் போட்டிகளில் வசையை அப்படியே விட்டுவைத்தால், எங்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்ததாகத்தான் முடியும். எனக்குப் பொதுப் பிரிவில் ஆட வேண்டும். அங்கே ஆடக்கூடிய அளவுக்கு நான் பயிற்சி எடுக்கிறேன்.

"கேமுக்குள் பெண்ணியம், அரசியல் எல்லாம் கொண்டுவராதீங்க" என்று இதைப் படித்துவிட்டு எழுதுபவர்கள் இருப்பார்கள். 2014 இல் அமெரிக்காவில் கேம் உலகப் பெண்களைக் குறிவைத்து கேமர்கேட் என்ற பெயரில் நடந்த தொந்தரவை அவர்கள் தேடிப் படிக்க வேண்டும். கேம்களில் பெண் பாத்திரங்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று வீடியோ போட்ட அனிட்டா சர்க்கீசியன், யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்தார். வந்தால் கூட்டத்தையே சுட்டுத்தள்ளுவோம் என்று மிரட்டல் வந்தது. அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் துப்பாக்கியோடு வருவதை அந்த மாநிலச் சட்டப்படி தடுக்க முடியாது என்றதும் அவர் பேச்சை ரத்துச் செய்தார். அவர் கேம்களைத் தடை செய்யச் சொல்லவில்லை. ஒன்றை ரசித்துக்கொண்டே அதன் குறையையும் சொல்லலாம் என்பதுதான் அவருடைய வாதம். என்னுடையதும் அதுதான். இந்த ஆட்டத்தை நான் நேசிக்காவிட்டால் இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பொலிஸுக்குப் போகச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 இல், இணையத்தில் பேசுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது, கருத்துச் சுதந்திரத்தை அது நெரிக்கும் என்று மனித உரிமை அமைப்புகள் எதிர்த்தன. எனக்கும் அந்தப் பயம் உண்டு. பதினாறு வயதுப் பையன் ஒருவன் மைக்கில் சொன்னதற்காக அவனை நீதிமன்றத்தில் நிறுத்துவது எனக்கு வேண்டாம். அவன் அந்த ரவுண்டை இழக்கட்டும். திரும்பச் சொன்னால் அவன் அணி அந்தப் போட்டியை இழக்கட்டும். அணித் தோழர்களே அவனை அடக்குவார்கள்.

அடுத்த போட்டிக்கான விதிமுறையை நீங்கள் எழுதத் தொடங்கும்போது எனக்குச் சொல்லுங்கள். தமிழில் அதை எழுதித் தருகிறேன். சிங்களத்தில் எழுதித் தர என் காலித் தம்பி ஒத்துக்கொண்டுவிட்டான். நான் ஆடாத நாட்களில் அட்மின் மேசையில் உட்காரவும் தயார். எங்கள் குழுவில் இன்னும் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம், மதியச் சாப்பாடு தந்தால் போதும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஆட்டக்காரி